மூன்றெழுத்தா, ஐந்தெழுத்தா: வலைத் தரநிலைக்குப் புதிய வசதி கேட்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் சில பிள்ளைகளுக்கு வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் வயது. சென்ற ஆண்டு அவர்களில் ஒருத்தி, ஆறாம் ஆண்டு படிக்கும் தன் தங்கையின் கதையை ஒரு போட்டிக்கு அனுப்ப உட்கார்ந்தாள். கதையின் தலைப்பு ‘செம்பனைக் காட்டில் ஒரு மழைநாள்’. இணையப் படிவத்தில் தலைப்புக்கு 20 எழுத்துகள் வரை இடம் என்று போட்டிருந்தது. விரல் விட்டு எண்ணினால் அதில் 15 எழுத்துகள். இடைவெளி மூன்றையும் சேர்த்தால் 18. ஆனால் கட்டம் ‘செம்பனைக் காட்டில் ஒ’ என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எந்த விசையும் ஏறவில்லை.

“ஐயா, உலாவிக்குத் தமிழ் எண்ணத் தெரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்டாள்.

சொல்ல இடம் இருக்கிறது: உலாவிகள் எல்லாம் பின்பற்றும் பொது விதிகளான வலைத் தரநிலைகளை எழுதும் குழுக்கள். பணம் கட்ட வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை, சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆள் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. அந்த முறை தெரியாமல் போய் நிற்பதால்தான் நல்ல கோரிக்கைகள் பல முதல் வாரத்திலேயே மூடப்படுகின்றன.

தீர்வைத் தள்ளிவைத்து, தொல்லையை எழுதுங்கள்

அவள் நோட்டில் முதலில் எழுதிய வரி: ‘உலாவிகள் மேக்ஸ்லெங்த்தைத் தமிழ் எழுத்துகளாக எண்ண வேண்டும்.’ மேக்ஸ்லெங்த் என்பது, வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஒரு கட்டத்துக்கு நீள வரம்பு வைக்கும் பண்பு. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அது தீர்வு. தொல்லை என்னவென்று அதில் எங்கும் இல்லை.

என் தந்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மக்கள் நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள்: ‘இன்னொரு தண்ணீர்க் குழாய் வேண்டும்.’ முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த மனுவை நல்லெண்ணம் கொண்ட கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் எழுதிக் கொடுத்தார்: இத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், விடிகாலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முன் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வருகிறது, அந்த நேரத்தில் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், கடைசியில் நிற்பவர்கள் குளிக்காமல் மரம் வெட்டப் போகிறார்கள். குழாய் அப்போதும் வரவில்லை. இரவில் நிரம்பும் பெரிய தொட்டி ஒன்று வந்தது. தொட்டி வைக்கலாம் என்று லயத்தில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தரநிலை எழுதுகிறவர்களும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். உலாவியின் உள்ளே என்ன முடியும், எது வினையாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பிள்ளையின் கதைத் தலைப்பு ‘ஒ’ என்று அறுந்து நிற்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கொண்டுபோங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவள் திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: தமிழில் வாசகர் ஓர் எழுத்தாக எண்ணுவது கணினியில் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாக இருக்கிறது. ‘தமிழ்’ என்பது வாசிப்பவருக்கு மூன்று எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. மேக்ஸ்லெங்த் எண்ணுவது யூடிஎஃப்-16 என்ற சேமிப்பு முறையின் அலகுகளை, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு ஓர் அலகு; ஆகவே ஐந்து. படிவம் அமைப்பவர் 20 என்று எழுதினால் ஆங்கிலத் தலைப்புக்கு 20 எழுத்து கிடைக்கிறது, தமிழ்த் தலைப்புக்குப் பத்துப் பன்னிரண்டுதான் கிடைக்கிறது. நிரப்புகிறவருக்கு ஏன் நின்றது என்று தெரிவதில்லை. அமைத்தவருக்கு இப்படி நடப்பதே தெரிவதில்லை.

இதில் எங்கும் ‘வேண்டும்’ இல்லை. ஆனால் தமிழ் தெரியாத பொறியாளர் ஒருவர் இதை வாசித்து நிமிர்ந்து உட்காருவார்.

குறை எந்த வீட்டில்?

எல்லா வலியும் தரநிலையின் குறை அல்ல. நம் நாட்டில் நன்கு பழகிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் நம் பெயர்களுக்கு நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு வரும். சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காமல் ‘தவறான பெயர்’ என்று திருப்பி அனுப்புகின்றன. மனம் கசக்கும் விஷயம்தான். ஆனால் எச்டிஎம்எல் சாய்கோட்டைத் தடுக்கவில்லை. அந்தத் தளத்தை எழுதியவர் வைத்த சரிபார்ப்புதான் தடுக்கிறது. அதைத் தளத்துக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்து, உலாவியின் பிழை. இன்று உலாவிகளின் உள்ளே இருந்து பக்கத்தை வரைந்து காட்டும் பெரிய இயந்திரங்கள் மூன்று: குரோமிலும் எட்ஜிலும் உள்ள பிளிங்க், சபாரியின் வெப்கிட், பயர்பாக்ஸின் கெக்கோ. ஒரே பக்கத்தை மூன்றிலும் திறந்து பாருங்கள். இரண்டில் சரியாக வந்து ஒன்றில் மட்டும் கெட்டால், அந்த உலாவியின் பிழைப் பதிவேட்டுக்குப் போங்கள். மூன்றும் ஒரே மாதிரி நடந்து, தரநிலையும் அதையே சொன்னால்தான் நீங்கள் தரநிலையின் வாசலில் நிற்கிறீர்கள். அதற்குத் தரநிலை ஆவணத்தைத் திறந்து அந்தப் பகுதியை வாசித்தாக வேண்டும். எச்டிஎம்எல் தரநிலை முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் வாசிக்க வேண்டாம். உங்கள் பண்பின் பெயரைத் தேடி, அந்த இரண்டு பத்தியை மூன்று முறை வாசியுங்கள். சட்டப் புத்தகம் போல வறண்டிருக்கும். பழகப் பழக அந்த வறட்சியின் துல்லியம் பிடித்துப்போகும்.

ஏற்கெனவே இருக்கிறதா?

வகுப்பில் இன்னொருவன் தமிழ்ப்பள்ளிக்கு இணையத் தேர்வுத்தாள் தயாரிக்கிறான். விடைகளுக்கு 1, 2, 3 என்று இல்லாமல் அ, ஆ, இ, ஈ என்று வரிசை வரவேண்டும். உலாவியில் அப்படியொரு பட்டியல் இயல்பாக இல்லை என்று பார்த்தவன், புதிய வசதி கேட்கப் புறப்பட்டுவிட்டான். ஆனால் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் கவுன்ட்டர்-ஸ்டைல் என்ற விதி இருக்கிறது. உங்கள் வரிசையை நீங்களே அறிவித்துக்கொள்ளலாம். பயர்பாக்ஸில் 2014இலும் குரோமில் 2021இலும் சபாரியில் 2023இலும் வந்துவிட்டது. அவனுக்குத் தேவைப்பட்டது நான்கைந்து வரிகள். அன்றே தேர்வுத்தாள் தயாராகிவிட்டது. ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்கள் வேண்டுமானால் அதற்கு ஆயத்தப் பெயரே இருக்கிறது.

மாணவியின் விஷயத்தில் தேடல் இன்னும் சுவையானது. பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் வாசகர் காணும் எழுத்துத் தொகுதிகளாகப் பிரித்துத் தரும். ‘தமிழ்’ கொடுத்தால் மூன்று. குரோமில் 2020இல் வந்தது, சபாரியில் 2021இல், பயர்பாக்ஸில் 2024இல். அப்படியானால் இன்றே ஒருவர் தன் படிவத்தில் தமிழை ஒழுங்காக எண்ண முடியும். உங்கள் கோரிக்கையில் இதை மறைக்காமல் எழுதுங்கள். பிறகு ஏன் போதவில்லை என்று சொல்லுங்கள்: தமிழைப் பற்றி நினைத்துப் பார்க்காதவர் அந்தக் கருவியைத் தேடியே போகமாட்டார், வரம்பு வைக்கும் எளிய வழி அவருக்கு மேக்ஸ்லெங்த் ஒன்றுதான்.

பழைய விவாதங்களையும் தோண்டுங்கள். மேக்ஸ்லெங்த் எதை எண்ண வேண்டும் என்ற கேள்வி ஏற்கெனவே நீண்ட வாதமாக நடந்திருக்கிறது. ஆப்பிளின் வெப்கிட் நெடுங்காலம் எழுத்துத் தொகுதிகளையே எண்ணி வந்தது. தரநிலை அலகுகளைச் சொன்னது. அலகு என்பதற்குச் சார்பாகச் சொல்லப்படும் காரணங்கள் அற்பமானவை அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டின் நீளக் கணக்கும் அலகில்தான். ஒரு தொகுதிக்குள் குறிகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். ஆகவே தொகுதிகளுக்கு வரம்பு வைத்தால் அது சேமிப்பு இடத்துக்கு வரம்பாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று ஓடும் கோடிக்கணக்கான படிவங்கள் பழைய கணக்கை நம்பியிருக்கின்றன. இந்த வாதங்களை எதிராளியின் வாயில் இருந்து முதன்முறையாகக் கேட்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. நீங்களே எழுதி, நீங்களே பதில் தேடுங்கள்.

பழைய பக்கங்கள் உடையக்கூடாது என்பது இந்த உலகத்தின் முதல் கட்டளை. 2018இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஃப்ளாட்டன் என்ற புதிய வசதி வரவிருந்தது. மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரைத் தனக்கென வைத்திருந்ததால், அதை நம்பிய தளம் உடைந்தது தெரியவந்தது. பல விவாதங்களுக்குப் பிறகு வசதியின் பெயர் ஃப்ளாட் என்று மாற்றப்பட்டது. ஒரு பெயருக்கே இந்தப் பாடு. இருக்கும் பண்பின் பொருளை மாற்றக் கேட்பதைவிட, பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்பது ஏன் எளிது என்பது இதில் இருந்து புரியும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

எச்டிஎம்எல், பக்கத்தின் உள்ளமைப்பைச் சொல்லும் டாம், தரவைக் கொண்டுவரும் ஃபெட்ச், முகவரிக்கான யூஆர்எல் ஆகியவை வாட்-டபிள்யூஜி குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. 2004இல் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆட்கள் தொடங்கிய குழு அது. எச்டிஎம்எல்லுக்கு இரண்டு தரநிலைகள் இருந்த குழப்பம், அந்தக் குழுவும், வலைத் தரநிலைகளுக்கான பன்னாட்டு அமைப்பான டபிள்யூ3சியும் 2019இல் செய்துகொண்ட உடன்பாட்டோடு முடிந்தது. சிஎஸ்எஸ்ஸும், மாற்றுத்திறனாளிகளும் பக்கத்தைப் பயன்படுத்த உதவும் ஏரியாவும் டபிள்யூ3சியிடம். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் எக்மா அமைப்பின் டிசி39 குழு. அங்கே முன்மொழிவுகள் 0 முதல் 4 வரை நிலை நிலையாக ஏறும், உறுப்பினர் ஒருவர் உங்களுக்காக முன்னின்று பேச வேண்டும். எழுத்துக் குறியீடே இல்லை என்றால் யூனிகோட் கூட்டமைப்பு. எங்கே பொருந்தும் என்று தெரியாத புது யோசனைக்கு டபிள்யூ3சியின் கீழ் டபிள்யூஐசிஜி என்ற அடைகாக்கும் குழு இருக்கிறது. யாரும் இலவசமாகச் சேரலாம்.

நமக்கென்று ஒரு பக்கவாசலும் உண்டு. புதியவர்களை நான் அங்கேதான் முதலில் அனுப்புவேன். டபிள்யூ3சியின் பன்னாட்டுமயமாக்கல் பிரிவு மொழிவாரியாக ‘இடைவெளி ஆய்வு’ ஆவணங்களை வைத்திருக்கிறது. தமிழுக்கும் ஒன்று உண்டு. வலை எந்த இடத்தில் தமிழை ஒழுங்காகத் தாங்கவில்லை என்று அதில் பட்டியலிடுகிறார்கள். முதலெழுத்தைப் பெரிதாக்குவது, வரி முடிவில் சொல்லைப் பிரிப்பது, எழுத்துகளுக்கு இடையே இடம் விடுவது என்று நாம் தினமும் பார்க்கும் சங்கதிகள். அங்கே ஒரு படத்தோடு, ‘இது இப்படி வரவேண்டும், இப்படி வருகிறது’ என்று நாலு வரி சேர்ப்பதே பெரிய உதவி. தமிழைக் கணினியில் ஏற்றும் வேலையில் மலேசியா பின்வரிசையில் இருந்ததில்லை. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அந்த வரிசையில் அடுத்த ஆள் ஒரு லயத்து வீட்டில் இருந்து வருவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

எழுதும் முறை

மேற்சொன்ன குழுக்களில் பெரும்பாலானவை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் வேலை செய்கின்றன. ஒரு கணக்குத் திறந்துகொள்ளுங்கள். எச்டிஎம்எல்லுக்குப் புதிய வசதி கேட்கும் பதிவைத் திறந்தால் படிவமே நான்கு கேள்வி கேட்கும்: எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பார்க்கிறீர்கள், இன்று என்ன வழிகள் உள்ளன, நீங்களாக இருந்தால் எப்படித் தீர்ப்பீர்கள், வேறு ஏதாவது உண்டா. கடைசி இரண்டுக்கும் சுருக்கமாகவே பதில் எழுதுங்கள். உங்கள் உழைப்பெல்லாம் முதல் இரண்டில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். அந்தக் குழுக்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. எளிய நடையை அவர்கள் வரவேற்பார்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் வாசகருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ‘மூ’ என்பது ஏன் ஓர் எழுத்து என்று அவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று நாம் பள்ளியில் ஒப்பித்த கணக்கு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரை எடுத்துக்கொண்டு, நமக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15 குறியீடு என்று இரண்டு வரிசையில் எழுதிக் காட்டினால் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

சான்று சேருங்கள். என் மாணவி தன் தோழிகளிடம் கேட்டு, அவரவர் நிரப்பிய படிவங்களில் தமிழ் அறுந்த இடங்களைப் படம் பிடித்து வாங்கினாள். தளத்தின் பெயரை மறைத்துவிடச் சொன்னேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கம் அல்ல. தமிழோடு நிறுத்தாதீர்கள். இந்தி, தாய் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மொழியின் குறை என்றால் ஓரத்தில் வைப்பார்கள். ஐந்து மொழியின் குறை என்றால் மேசைக்கு நடுவே வரும்.

வாதம் சூடானால் பிடித்துக்கொள்ள ஒரு தூண் இருக்கிறது. எச்டிஎம்எல்லின் வடிவமைப்புக் கொள்கைகளில் முன்னுரிமை வரிசை ஒன்று உண்டு: முதலில் பயனர், அடுத்து பக்கம் எழுதுகிறவர், அடுத்து உலாவி கட்டுகிறவர், அதற்கும் பிறகு தரநிலை எழுதுகிறவர், எல்லோருக்கும் கடைசியில் கோட்பாட்டுத் தூய்மை. கதைத் தலைப்பு அறுந்துபோன பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வரிசையில் முதல் இடத்தில் நிற்கிறாள்.

பதிவு போட்ட பிறகு

முதல் பதில் பெரும்பாலும் ஒரு கேள்வியாக இருக்கும். ‘இதை இப்படிச் செய்தால் போதாதா?’ என்பார்கள். அது அவமதிப்பு அல்ல. உங்களை வேலைக்கு அழைக்கும் குரல். ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள். நீங்கள் காணாமல் போனால் பதிவும் தூங்கிவிடும்.

வாட்-டபிள்யூஜியில் ஒரு புதிய வசதி சேர, குறைந்தது இரண்டு உலாவி இயந்திரங்களின் ஆதரவு வேண்டும். வலுவான எதிர்ப்பும் இருக்கக்கூடாது. மொசில்லாவும் வெப்கிட்டும் முன்மொழிவுகளைப் பற்றித் தங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகப் பதிவு செய்கின்றன. அங்கே உங்கள் யோசனைக்குக் கருத்துக் கேட்கலாம். ஆதரவு கிடைத்தால் தரநிலையின் வாசகத்தை எழுத வேண்டும், வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் என்ற பொதுத் தொகுப்பில் சோதனைகள் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு உலாவியிலும் பதிவு திறக்க வேண்டும். வாசகம் எழுதுவது கடினமாகப் பட்டால் சோதனை எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலை அது. உலாவிக் குழுக்கள் மனமார ஏற்றுக்கொள்ளும் வேலையும் கூட.

நீங்கள் எழுதிய வாசகம் தரநிலைக்குள் போகும் முன் பங்கேற்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். காப்புரிமைச் சிக்கல் பின்னால் வரக்கூடாது என்பதற்காக. வலைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்கிறவராக இருந்தால் நிறுவனமே கையொப்பமிட வேண்டியிருக்கலாம். முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூட்டங்கள் பல அமெரிக்க நேரத்தில் நடக்கும். கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்கு நள்ளிரவு 12, அங்கே குளிர்காலம் என்றால் 1 மணி. விடியும் முன் எழும் வீடுகளில் அது முடியாத காரியம். கவலை வேண்டாம், முக்கியமான வாதங்கள் எழுத்தில்தான் நடக்கின்றன.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். 1993 பிப்ரவரியில், மொசாயிக் உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆன்ட்ரீசன் படம் காட்ட ஒரு குறியை முன்மொழிந்தார். அதே ஆண்டில் மொசாயிக்கில் அது வந்துவிட்டது. அந்தக் காலம் போய்விட்டது. பக்கத்தின் மேல் சிறு பெட்டி காட்டும் டயலாக் என்ற குறி குரோமில் 2014இல் வந்தது. பயர்பாக்ஸும் சபாரியும் அதை ஏற்க 2022 மார்ச் ஆனது. ஆனாலும் வெளியாட்கள் வென்ற கதைகள் உண்டு. திரைக்கு ஏற்ற அளவில் படம் தரும் பிக்சர் குறிக்காக வலைப்பக்கம் எழுதும் சாதாரணத் தொழிலாளர்கள் 2012இல் ஒன்றுகூடினார்கள். 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி, யோவ் வெய்ஸ் என்ற நிரலாளர் அதைக் குரோமின் இயந்திரத்துக்குள் எழுத வழி செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அது வெளியானது. இன்று பெரிய செய்தித் தளங்கள் பல அதைப் பயன்படுத்துகின்றன.

மறுக்கப்பட்டால், மறுத்த காரணத்தை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு ஒருவர் இதே கேள்வியோடு வரும்போது அவருக்கு அது முதல் பக்கமாக இருக்கும்.

மாணவியின் குறிப்பு இப்போது இரண்டு பக்கம் வளர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறாள். யூனிகோடின் பொதுவான விதிப்படி ‘க்ஷ’ என்பது க், ஷ என்று இரண்டு தொகுதிகளாகப் பிரிகிறது. வகுப்பில் அக்ஷயா என்று ஒரு பெண் இருக்கிறாள். தன் பெயருக்கு மூன்று எழுத்துதான் என்கிறாள் அவள். மெய்யையும் உயிர்மெய்யையும் தனித்தனியாக எண்ணும் கணக்குப்படி நான்கு என்கிறார்கள் மற்றவர்கள். இதற்கு எந்த உலாவிப் பொறியாளரும் பதில் சொல்ல முடியாது. வரும் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம்.